விரல் நுனியில் வளர்ந்த வைத்தியம்

நோவு தோன்றும் இடத்தை நோக்கிக் கை தானாகவே செல்லும். தலை இடித்தால் விரல்கள் நெற்றிப் பொட்டை அழுத்துகின்றன. கால் உளைந்தால் பேரப்பிள்ளையை அழைத்து மிதிக்கச் சொல்லும் முதியோர் நம் வீடுகளில் இன்றும் உளர். இவ்வியல்பை எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. அது மனிதனோடு பிறந்தது. ஆயின், இயல்பாக எழும் அச்செய்கை ஒரு கலையாவதற்கும், கலை ஒரு தொழிலாவதற்கும், அத்தொழில் ஒரு நாட்டின் சட்டத்தில் இடம் பெறுவதற்கும் இடையே நெடுந்தூரம் உண்டு. அத்தூரத்தை முழுவதும் நடந்து கடந்த முறைகளுள் ஒன்று யப்பானியரின் ஷியாட்சு. 'ஷி' என்றால் விரல். 'அட்சு' என்றால் அழுத்தம். விரலால் அழுத்திச் செய்யும் வைத்தியம் என்பதே அப்பெயரின் பொருள். அது நடந்து வந்த பாதையில் அரண்மனைகள் உள்ளன, போர் உள்ளது, யாவற்றினும் மேலாக, பார்வையற்ற மக்களின் பிழைப்புப் போராட்டம் உள்ளது.

இவ்வரலாறு இலங்கையின் நாட்டுப்புறத்துக்கு அயலானதன்று. குருநாகலிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் பெருந்தெருவில், மாத்தளை மாவட்டத்தின் வடமேற்குப் பகுதியில் அமைந்த ஊர் கலேவெல. அதனைச் சூழ நெல்வயல்களும் குளங்களும், வெங்காயமும் மரக்கறியும் விளையும் தோட்டங்களும் உள்ளன. விளைந்த பொருள் மூட்டை மூட்டையாகத் தம்புள்ளைச் சந்தைக்குப் போகின்றது. குனிந்து நாற்று நடும் பெண்கள், வெங்காயம் பிடுங்குவோர், மூட்டை சுமப்போர், இரவெல்லாம் லொறி ஓட்டுவோர் ஆகிய இவர்தம் இடுப்பும் தோளும் முழங்காலுமே அந்நிலத்தின் விளைச்சலைத் தாங்கி நிற்கின்றன. உடல் உழைப்பை முதலாகக் கொண்ட ஊருக்கு உடல் நோவு உடன்பிறந்தது. ஆதலின், அழுத்தி நோவு தணிக்கும் முறையொன்று எவ்வாறு நம்பத்தக்க தொழிலாயிற்று என்பதை அறிவதில் அவ்வூருக்கு நேரான பயன் உண்டு. யப்பானும் அப்பகுதிக்குப் புதிதன்று. கலேவெலவை அடுத்துள்ள தேவஹுவக் குடியேற்றத்தில் யப்பானிய உதவியுடன் கிராம அபிவிருத்தித் திட்டமொன்று முன்னர் நடைபெற்றது.

கையால் செய்யும் வைத்தியம் இத்தீவிலும் தமிழகத்திலும் பழமையானதே. கலேவெலவுக்கு வடக்கே மிகிந்தலையில், 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் வைத்தியசாலையின் இடிபாடுகளையும், நோயாளியைக் கிடத்துவதற்கெனக் கல்லிற் குடைந்த மருந்துத் தோணியையும் இன்றும் காணலாம். சிங்களக் கிராமங்களில் எலும்பு முறிவுக்கும் சுளுக்குக்கும் வைத்தியம் செய்யும் பரம்பரைகள் பல. தமிழரின் சித்த வைத்தியத்திலோ 'தொக்கணம்' என்னும் ஒரு தனிப்பிரிவே வகுக்கப்பட்டுள்ளது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என அது ஒன்பது வகைப்படும். உடலின் நுட்பமான இடங்களை வர்மம் எனக் குறித்து, அங்கு ஏற்படும் அடியையும் அதற்கு மாற்றையும் கூறும் கலை தென் தமிழகத்திலும் கேரளத்திலும் வளர்ந்தது.

ஒன்பது வகைத் தொக்கணத்துள் 'அழுத்தல்' ஒன்று. அவ்வொன்றையே தனியே எடுத்துப் பயின்று முழு வைத்தியமாக வளர்த்தனர் யப்பானியர் எனலாம். இதனால் யப்பானியர் தமிழரிடம் கற்றனர் என்றோ, தமிழர் யப்பானியரிடம் கற்றனர் என்றோ கொள்ளலாகாது. யப்பானியர்க்கு ஆசான் சீனம்.

சீனரின் மிகப் பழைய வைத்திய நூலாகிய 'மஞ்சள் பேரரசரின் உள்நூல்' அழுத்துதலையும் தேய்த்தலையும் சிகிச்சை முறைகளாகக் குறிப்பிடுகின்றது. உடலினுள் 'சீ' என்னும் உயிராற்றல் நாளங்கள் வழியே ஓடுகின்றது என்பதும், அவ்வோட்டம் தடைப்படுவதே நோய் என்பதும் அவர்தம் கொள்கை. பௌத்த சமயமும் சீன எழுத்தும் கடல் கடந்து யப்பானை அடைந்த காலத்தில் இவ்வைத்தியமும் உடன் சென்றது. 701ஆம் ஆண்டில் யப்பானிய அரசு வகுத்த தாய்ஹோ சட்டத்தொகுதியின்படி அமைந்த அரண்மனை வைத்தியத் துறையில், கைவைத்தியம் கற்பிக்கும் ஆசிரியருக்கும் கற்கும் மாணவருக்கும் இடம் அளிக்கப்பட்டது. அக்கைவைத்தியத்தின் பெயர் அன்மா. 'அன்' என்பது அழுத்தல். 'மா' என்பது தேய்த்தல்.

அரண்மனையிற் பிறந்த அக்கலை, காலப்போக்கில் தெருவுக்கு இறங்கிப் பார்வையற்றோர் கைக்கு வந்து சேர்ந்தது. இம்மாற்றத்தில் முதன்மையான இடம் பெறுபவர் சுகியாமா வாய்ச்சி. 1610ஆம் ஆண்டில் இசே நாட்டில் பிறந்த அவர் சிறுவயதிலேயே பார்வை இழந்தார். எடோ என அன்று வழங்கிய டோக்கியோவுக்குச் சென்று ஊசி வைத்தியம் கற்கத் தொடங்கினார். கை தேறவில்லை என்று ஆசிரியர் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார் என்பது மரபு. மனமுடைந்த அவர் எனோஷிமா தீவின் குகையில் நோன்பிருந்து திரும்புகையில் கல்லொன்றில் இடறி விழுந்தாராம். விழுந்தபோது காலிற் குத்திய பொருளைத் தடவிப் பார்க்க, சுருண்ட இலைக்குள் ஒரு தேவதாரு ஊசியிலை இருந்ததாம். குழலுக்குள் ஊசியை வைத்துச் செலுத்தினால் கண் இல்லாதவனும் பிழையின்றிச் செலுத்தலாம் என்னும் எண்ணம் அவருக்கு அப்போது உதித்தது என்பர். கதை எவ்வாறாயினும், குழலின் துணைகொண்டு ஊசி செலுத்தும் முறை அவரால் பரவியது. இன்றும் உலகெங்கும் கையாளப்படுகின்றது.

ஐந்தாம் ஷோகுனாகிய துனயோஷிக்கு வைத்தியம் செய்து சுகியாமா பெரும் மதிப்புப் பெற்றார். வேண்டும் பரிசு யாதென ஷோகுன் வினவியபோது, ஒரே ஒரு கண் வேண்டும் என்று அவர் விடை கூறினாராம். கண்ணைத் தர இயலாத ஷோகுன், 'ஒற்றைக் கண்' எனப் பொருள்படும் ஹிதொட்சுமே என்னும் இடத்தில் அவருக்கு நிலம் அளித்தான் என்று எடோ மக்கள் கூறி வந்தனர். ஆனால் சுகியாமாவின் உண்மையான புகழ் இக்கதையில் இல்லை. 1682ஆம் ஆண்டளவில் பார்வையற்றோர்க்கு ஊசி வைத்தியமும் அன்மாவும் முறையாகக் கற்பிக்கும் கல்விக்கூடத்தை அவர் ஏற்படுத்தினார். பாரிஸ் நகரில் ஐரோப்பியரின் முதற் பார்வையற்றோர் பாடசாலை தோன்றியதற்கு ஏறக்குறைய 100 ஆண்டுகள் முந்தியது அது. இரந்துண்டு வாழ வேண்டியவர் என உலகம் ஒதுக்கிய மக்கள், கற்றுத் தேர்ந்து பிறர் நோவைத் தீர்ப்பவராக உயர்ந்தனர். இரவு வேளைகளில் சிறு குழல் ஊதித் தம் வருகையை அறிவித்தவாறு கோலூன்றிச் செல்லும் அன்மாக்காரர், எடோ நகரத் தெருக்களில் வழக்கமான காட்சியாயினர்.

கலை பரவுந்தோறும் அதன் தரம் குன்றும் அபாயமும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அன்மா பெரும்பாலும் களைப்புத் தீர்க்கும் இன்பப் பொருளாகத் தாழ்ந்துவிட்டது என்று வருந்தியோர் இருந்தனர். 1827ஆம் ஆண்டில் ஓத்தா ஷின்சாய் என்பவர், வயிற்றைத் தடவி நோய் அறிந்து அழுத்திச் சிகிச்சை செய்யும் முறையைப் படங்களுடன் விளக்கும் நூலை வெளியிட்டார். கைவைத்தியத்தை மீண்டும் வைத்தியமாக்க முயன்ற முயற்சி அது. பின்னர் மெய்ஜி அரசு மேனாட்டு வைத்தியத்தையே நாட்டின் வைத்தியமாக ஏற்றது. பார்வையற்றோர் தமக்கெனக் கொண்டிருந்த பழைய தொழிற்சங்கம் 1871இல் கலைக்கப்பட்டது. எனினும் அவர்தம் தொழில் அழியவில்லை. 1911ஆம் ஆண்டின் அரசாங்க விதிகள் அன்மா தொழிலுக்கு அனுமதிப்பத்திரத்தைக் கட்டாயமாக்கியபோது, பார்வையற்றோர்க்கெனத் தனி வகுப்பு ஒன்றும் ஒதுக்கப்பட்டது.

இக்காலத்தே ஐரோப்பிய மசாஜ் முறையும் யப்பானில் நுழைந்தது. பழைய அன்மாவையும் புதிய உடற்கூற்று அறிவையும் கலந்து, விரல் அழுத்தத்தையே முதன்மையாகக் கொண்ட பயிற்சிகள் தோன்றின. தமாய் தெம்பேக்கி என்பவர் தம் முறைக்கு இட்ட ஷியாட்சு என்னும் பெயர் மெல்ல நிலைபெற்றது. ஆகவே ஷியாட்சு பல்லாயிரம் ஆண்டு மாறாது வந்த முறை என்று கூறுவது பொருந்தாது. வேர் பழையது, மரம் 20ஆம் நூற்றாண்டினது.

அம்மரத்தை ஊர் அறிய வளர்த்தவர் நமிகோஷி தொக்குஜிரோ. அவர் 1905ஆம் ஆண்டில் ஷிகோக்குத் தீவில் பிறந்தார். அவருக்கு ஏழு வயதானபோது குடும்பம் பிழைப்புத் தேடி வட திசையிலுள்ள ஹொக்கைடோ தீவில் குடியேறியது. கடுங்குளிரில் தாயார் மாசாவின் மூட்டுகளில் தாங்கொணா வலி கண்டது. வைத்தியர் அருகில் இல்லாத அவ்விடத்தில், பிள்ளைகள் முறைவைத்துத் தாயின் உடலைத் தடவியும் அழுத்தியும் வந்தனர். தடவுவதினும் அழுத்துவதே தாய்க்கு மிகுந்த சுகம் தருகின்றது என்பதைச் சிறுவன் தொக்குஜிரோ கவனித்தார். தாயார் நாளடைவில் குணமடைந்தார் என்று அவர் பின்னாளில் கூறுவார். மூட்டு நோய் சில வேளைகளில் தானே தணிவதும் உண்டு என்பதை இன்றைய வைத்தியர் நினைவூட்டுவர். எனினும், நோயாளியின் முகத்தைப் பார்த்து, எது உதவுகின்றது எது உதவவில்லை என்று கருதிய அச்சிறுவனின் கவனமே அவர் வாழ்நாட் பணிக்கு வித்தாயிற்று.

நமிகோஷி 1925இல் ஹொக்கைடோவின் முரோரான் நகரில் வைத்திய நிலையம் திறந்தார். 1933இல் டோக்கியோ சென்றார். 1940இல் அங்கு ஷியாட்சு கல்லூரியை நிறுவினார். 1954இல் யப்பானுக்கு வந்திருந்த அமெரிக்க நடிகை மரிலின் மன்றோவுக்கு அவர் சிகிச்சை செய்தார் என்னும் செய்தி அவர் பெயரை நாடெங்கும் பரப்பியது. 2000ஆம் ஆண்டில் அவர் காலமானார். சீன நாளக் கொள்கையைக் காட்டிலும் தசை, நரம்பு, சுரப்பி முதலியன பற்றிய உடற்கூற்று அறிவையே தம் முறைக்கு அடிப்படையாக அவர் கொண்டார் என்பது குறிப்பிடத்தக்கது.

இரண்டாம் உலகப் போரில் யப்பான் தோற்ற பின்னர், இவ்வரலாற்றின் மிக நெருக்கடியான கட்டம் வந்தது. நாட்டை ஆண்ட நேச நாட்டுப் படைத் தலைமையகம், ஊசி வைத்தியம், சூட்டு வைத்தியம், அன்மா முதலியவை சுகாதாரமற்றவை, விஞ்ஞான ஆதாரமற்றவை என்று கருதி, அவற்றைத் தடுக்கும் நோக்கத்தை 1947இல் வெளியிட்டது. அதிகாரிகளுக்கு அது வைத்தியச் சீர்திருத்தம். ஆனால் பல தலைமுறைகளாக அத்தொழிலையே கைக்கொண்டு வாழ்ந்த பார்வையற்றோர்க்கோ அது உணவுக்கும் மானத்துக்கும் உரிய கேள்வி. போரால் சிதைந்த நாட்டில் வேறு தொழில் அவர்க்கு யார் தருவார்? பார்வையற்ற தொழிலாளரும் மாணவரும் திரண்டு முறையிட்டனர்; மனுக்கள் குவிந்தன; வைத்திய அறிஞர் சிலரும் துணை நின்றனர். முடிவில், 1947 டிசம்பரில் நிறைவேறிய சட்டம் அத்தொழில்களை ஒழிக்கவில்லை. கல்வியும் தேர்வும் அனுமதிப்பத்திரமும் வேண்டும் என்னும் நிபந்தனையுடன் அவற்றை ஏற்றது.

அப்போதும் ஷியாட்சு வாயிலிலேயே நின்றது. பெயர் குறிப்பிடப்பட்ட தொழில்களுள் அது இடம் பெறவில்லை. சில ஆண்டுகளுக்கு மட்டுமே பொறுத்துக்கொள்ளப்பட்டது. 1955ஆம் ஆண்டின் திருத்தத்தில் அன்மாவின் ஒரு பகுதியாகச் சட்டத்தில் நுழைந்தது. 1964இல் அன்மா, மசாஜ், ஷியாட்சு என மூன்றும் சட்டத்தின் பெயரிலேயே நிரல்படப் பொறிக்கப்பட்டன. அவ்வாண்டிலேயே, பார்வையற்றோரின் பிழைப்புக்கு ஊறு நேருமாயின், பார்வையுள்ளோர்க்கான புதிய பயிற்சிப் பள்ளிகளுக்கு அரசு அனுமதி மறுக்கலாம் என்னும் விதியும் சேர்க்கப்பட்டது. தொழில் புரியும் உரிமையை இவ்விதி மீறுகின்றது என்று தொடுக்கப்பட்ட வழக்கில், 2022 பெப்ரவரியில் யப்பானிய உச்ச நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு முரணானதன்று எனத் தீர்ப்பளித்தது. சுகியாமா கல்விக்கூடம் அமைத்து 340 ஆண்டுகள் கழிந்த பின்னும், அவர் திறந்த வழி சட்டத்தின் காவலில் இருக்கின்றது.

நமிகோஷியின் வழியினின்று வேறுபட்ட மற்றொரு கிளையும் உண்டு. கியோட்டோ பல்கலைக்கழகத்தில் உளவியல் பயின்ற மசுனாகா ஷிசுதோ, 1925 முதல் 1981 வரை வாழ்ந்தவர். அவர் பழைய நாளக் கொள்கையை மீண்டும் முன்வைத்து, உடலையும் மனத்தையும் ஒன்றாக நோக்கும் முறையொன்றை வகுத்தார். 'சென் ஷியாட்சு' என்னும் அவரது நூல் 1977இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இன்று பரவியுள்ள ஷியாட்சு பெரும்பாலும் இக்கிளையின் செல்வாக்குப் பெற்றது.

செய்முறை எளிமையாகத் தோன்றும். நோயாளி தளர்ந்த உடையுடன் தரையில் விரித்த மெத்தைமீது கிடக்கின்றார். நம் நாட்டுத் தொக்கணத்தில் வழங்குவது போன்ற எண்ணெய் இங்கே இல்லை, கருவியும் இல்லை. பெருவிரல், உள்ளங்கை ஆகியவையே கருவி. சில முறைகளில் முழங்கையும் முழங்காலும் உதவும். வைத்தியர் தசைப் பலத்தால் நெருக்காது, தம் உடலின் பாரத்தைச் சாய்த்து, தோலுக்குச் செங்குத்தாக, சில விநாடிகள் ஒரே சீராக அழுத்தி, மெல்ல விடுகின்றார். ஒவ்வோர் அழுத்தத்திலும் விரல் கேள்வி கேட்கின்றது. உடல் விடை தருகின்றது. எங்கே இறுக்கம், எங்கே தளர்ச்சி, எங்கே நோவு என அறிவதும் சிகிச்சை செய்வதும் ஒரே செயலாகின்றன. பார்வையற்றோர் இதில் சிறந்து விளங்கியதில் வியப்பில்லை.

இதன் பயன் எவ்வளவு? நடுநிலையான விடை அடக்கமானதாகவே இருத்தல் வேண்டும். உயிராற்றல் ஓடும் நாளங்கள் இன்றைய உடற்கூற்று ஆய்வில் காணப்படவில்லை. தசை இறுக்கம் தளர்தல், மனம் அமைதியுறுதல், நோவு சில காலம் தணிதல் ஆகியவற்றைப் பலரும் உணர்கின்றனர்; ஆயின் ஷியாட்சுவைப் பற்றி நன்கு நடத்தப்பட்ட ஆய்வுகள் இன்னும் சிலவே. மணிக்கட்டின் உட்புறத்திலுள்ள ஓரிடத்தைத் தூண்டுவதால் சத்திரசிகிச்சைக்குப் பின் வரும் குமட்டல் குறைகின்றது என்பதற்கு ஓரளவு வலுவான சான்றுகள் உண்டு. புற்றுநோயையோ நீரிழிவையோ இருதய நோயையோ விரல் அழுத்தம் குணப்படுத்தும் என்று ஒருவர் கூறுவாராயின், அவரை நம்புதல் ஆகாது.

தீங்கு நேரும் இடங்களும் உண்டு. எலும்பு முறிந்த இடத்திலும், எலும்பு நலிந்த முதியோரிடத்திலும், காய்ச்சலின்போதும், புண்ணும் வீக்கமும் உள்ள தோலிலும் அழுத்துதல் தகாது. காலின் இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்திருப்பின், அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகலாம். கழுத்தைக் கடுமையாக அழுத்தியதால் இரத்தக் குழாய் சேதமுற்ற நிகழ்ச்சிகள் வைத்திய ஏடுகளில் பதிவாகியுள்ளன. கர்ப்பிணிகள் தம் வைத்தியரைக் கேளாது இதனை நாடலாகாது. கால் மரத்தல், சிறுநீர் அடக்க இயலாமை, காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவற்றுடன் கூடிய முதுகுவலிக்கு முதலில் வேண்டுவது வைத்தியசாலை.

இவ்வளவும் நோக்குமிடத்து, யப்பானிய வரலாறு இலங்கைக்குத் தரும் பாடம் புலனாகின்றது. கைவைத்தியத்தைக் காத்தது அதன் பழமை அன்று. பழமையே போதுமாயின், 1947இல் அது அழிவின் விளிம்புக்கு வந்திராது. அதனைக் காத்தவை மூன்று: கற்பிக்கும் பள்ளி, திறமையைச் சோதிக்கும் தேர்வு, தவறினால் பொறுப்புக் கேட்கும் சட்டம். இத்தீவிலும் அவ்வழி முற்றிலும் புதிதன்று. 1929இல் பொரளையில் சுதேச வைத்தியக் கல்லூரி தொடங்கியது. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம், ஆயுர்வேதம், சித்தம், யுனானி, தேசிய சிகிச்சை ஆகிய முறைகளை ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்து வைத்தியர்களைப் பதிவு செய்ய வகை செய்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் சித்த வைத்தியத்தைப் பட்டப் படிப்பாகக் கற்பிக்கின்றது. ஆயினும், தந்தையின் கையைப் பார்த்து மகன் கற்கும் கிராமத்துக் கைவைத்தியம், எழுதப்படாமலும் சோதிக்கப்படாமலும் மறைந்துபோகும் நிலை இன்னும் நீங்கவில்லை.

பார்வையற்ற பிள்ளைகளுக்கு இரத்மலானையில் 1912 முதல் பாடசாலை உண்டு. படித்து முடித்த அப்பிள்ளைகள் கைக்கொள்ளத்தக்க தொழில்களுள் இதுவும் ஒன்றாகலாம் என்பதற்கு யப்பான் சான்றாக நிற்கின்றது. கலேவெல போன்ற ஊர்களில் உழைத்துத் தேய்ந்த உடல்களுக்குப் பஞ்சமில்லை. நோவு தணிக்கும் கைகளும் அங்கு இல்லாமற் போகவில்லை. இடையே வேண்டுவது, நல்ல கையையும் வெறுங்கையையும் நோயாளி பிரித்தறிய உதவும் கல்வியும் ஒழுங்குமே. சுகியாமா ஷோகுனிடம் கேட்ட கண் கிடைக்கவில்லை. ஆனால் அவர் அமைத்த பள்ளி, பின்வந்த தலைமுறைகள் பலவற்றின் விரல் நுனியில் கண் திறந்தது.